ஒழிப்பு, அகற்றம், வேரறுப்பு: மூன்றும் ஒன்றல்ல

"மலேசியாவில் மலேரியா ஒழிக்கப்பட்டுவிட்டது." ஏப்ரல் 25, உலக மலேரியா நாள் வந்தால் போதும், கோலாலம்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடும். நாலு வரி தள்ளி, சபாவிலும் சரவாக்கிலும் குரங்கிடமிருந்து கொசு வழியே மனிதருக்கு வரும் குரங்கு மலேரியா இத்தனை பேருக்குக் கண்டது என்றும் இருக்கும். ஒழிந்துபோனது எப்படிக் காணும்? எழுதியவர் தகவலில் தவறவில்லை, சொல்லில் தவறினார். மூலத்தில் இருந்தது எலிமினேஷன். தமிழில் வந்தது ஒழிப்பு.

நோய் என்று வந்தால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கையில் இருப்பது ஒரே முத்திரை. டிங்கி ஒழிப்பு என்கிறார்கள், அது கன்ட்ரோல். காசநோய் ஒழிப்பு என்கிறார்கள், அது எலிமினேஷன். போலியோ ஒழிப்பு என்கிறார்கள், அது எராடிகேஷன். மூன்று கோப்பிலும் ஒரே குத்து.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எலிமினேஷனுக்குள் இருக்கும் லத்தீன் சொல் லீமென், அதாவது வாசற்படி. படிக்கு வெளியே தள்ளுவதுதான் எலிமினேஷன். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று நம் வீடுகளில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுவேதான். எராடிகேஷனுக்குள் இருப்பது ராடிக்ஸ், வேர். வேரோடு பிடுங்குதல். தமிழ் 'ஒழி' பழைய சொல். "உலகம் பழித்தது ஒழித்துவிடின்" என்னும்போது வள்ளுவர் சொல்வது விட்டுவிடுவதை, அழிப்பதை அல்ல. யாப்பிலக்கணத்தில் ஒழிபியல் என்றொரு பகுதி உண்டு, மற்ற இயல்களில் சொல்லாமல் மிஞ்சியவற்றைச் சொல்லும் இடம். மிச்சத்தைக் குறித்த வேரிலிருந்து வந்த சொல்தான் இன்றைக்கு 'மிச்சமே இல்லை' என்ற பொருளில் ஓடுகிறது. ஜமீன் ஒழிப்பு, சாதி ஒழிப்பு, வறுமை ஒழிப்பு என்று மேடை ஏறி ஏறி, அது கோஷத்துக்கு ஏற்ற சொல்லாகிவிட்டது. கோஷத்தை அளந்து பார்க்க முடியாது. நோயை அளந்துதான் ஆகவேண்டும்.

நோயியலில் இந்தச் சொற்களுக்கு அளவு உண்டு. 1997இல் பெர்லினில் கூடிய டாலம் பயிலரங்கு வகுத்த வரையறைகளே பெரும்பாலும் இன்றும் அடிப்படை. ஓர் ஊர் தாங்கக்கூடிய அளவுக்கு நோயைக் குறைப்பது கட்டுப்பாடு. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் புதுத் தொற்று சுழியமாவது எலிமினேஷன், ஆனால் காவல் தொடரவேண்டும். உலகம் முழுக்க, நிரந்தரமாகச் சுழியமாவது எராடிகேஷன், அதற்குப் பிறகு காவல் வேண்டாம். கிருமியே இயற்கையிலும் ஆய்வகத்திலும் இல்லாமல் போனால் அது நான்காவது நிலை, பூண்டற்றுப்போதல். பெரியம்மை மூன்றாம் நிலையில் நிற்கிறது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் கடைசி இயற்கைத் தொற்று, 1980 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவையின் அறிவிப்பு. கிருமி இன்னும் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உறைபெட்டிகளில் இருக்கிறது. வேரறுந்தது, பூண்டறவில்லை.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருவோம். ஒழிப்பு என்ற ஒற்றைச் சொல் போதாது என்று உணர்ந்த சிலர் ஒரு வழி சொல்கிறார்கள்: எலிமினேஷனுக்கு ஒழிப்பு, எராடிகேஷனுக்கு முற்றொழிப்பு அல்லது முழு ஒழிப்பு. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஒழுங்காக இருப்பதுதான் ஆபத்து. ஒழிப்பு, முற்றொழிப்பு என்று அடுக்கியதும் இரண்டும் ஒரே ஏணியின் படிகள் ஆகிவிடுகின்றன. முதலாவது அரைகுறை, இரண்டாவது முழுசு. உண்மையில் எலிமினேஷன் அரைகுறை வேலை கிடையாது. தன் எல்லைக்குள் அதுவும் சுழியம்தான், சுழியத்தில் அரைச் சுழியம் ஏது? இரண்டுக்கும் நடுவே இருப்பது இடத்தின் வேறுபாடு. ஒன்றில் நோய் வேலிக்கு அப்பால் உயிரோடு நிற்கிறது, மற்றதில் எங்கும் இல்லை. 'முற்று' என்ற முன்னொட்டு அளவைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது வேலியைச் சொல்லும் சொல்.

வேலியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைவிட நல்ல சாட்சி இல்லை. 1963இல் தீவு முழுவதும் பதிவான மலேரியா 17 பேருக்கு. மருந்தடிப்பு நின்றது, ஊர் ஊராக இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. மறுபடி தொடங்கி, 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர்த் தொற்றைப் பார்த்து, 2016 செப்டம்பரில்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டு முடிவில் மன்னாரில் புதிதாக ஒரு மலேரியாக் கொசு இனம், அனோபிலிஸ் ஸ்டெபென்சி, பிடிபட்டது. பூச்சியியல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்ததால் கண்ணில் பட்டது. ஒழிந்துவிட்டது என்று நம்பிய நிதியமைச்சு அந்த ஆட்களுக்குச் சம்பளம் ஒதுக்குமா?

நம் நாட்டிலும் இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு வரலாறு உண்டு. 1955இல் உலகச் சுகாதாரப் பேரவை உலக மலேரியா எராடிகேஷன் திட்டத்தைத் தொடங்கியது. பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க அரசுடையது, ஆயுதம் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி. பெயரில் உலகம் இருந்ததே தவிர, சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி கணக்கிலேயே இல்லை. 1969இல் அந்த இலக்கைக் கைவிட்டார்கள். நாம் 1967இல் தீபகற்பத்தில் அதே பெயரில் தொடங்கினோம், மலாயில் பெம்பாஸ்மியான் மலேரியா. எண்பதுகளின் தொடக்கத்தில் பலகை மாறியது: நோய்க்கடத்திவழி நோய்களின் கவாலான், அதாவது கட்டுப்பாடு. 2011இல் மறுபடி மாறி, 2020க்குள் எலிமினேஷன் என்ற தேசியத் திட்டம் வந்தது. மலாயில் பலகை மூன்று பெயர் கண்டது. தமிழில் மூன்று முறையும் மலேரியா ஒழிப்புத் திட்டம்தான். அரை நூற்றாண்டாக ஒரே நோயை ஒழித்துக்கொண்டே இருக்கிறோம் என்று தமிழ் வாசகர் நினைத்தால் அது அவர் குற்றமா?

பணம் கொடுக்கும் அரசுகளின் ஆவணங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. 2005இல் அமெரிக்கா அறிவித்த அதிபரின் மலேரியாத் திட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகச் செயல்திட்டம் எழுதியது. கட்டுப்பாட்டு நிலையில் உள்ள நாட்டுக்குக் கொசுவலைக் கணக்கு வரும்: 1.8 பேருக்கு ஒரு வலை, சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் புதுவலை. சுழியத்தை நெருங்கும் நாட்டுக்கு வலை எண்ணிக்கை முக்கியமில்லை, ஆள் முக்கியம். சீனா 2021இல் சான்றிதழ் வாங்கியது 1-3-7 கணக்கை வைத்து: ஒரே நாளில் அறிவிப்பு, மூன்று நாளுக்குள் அந்த நோயாளி எங்கே தொற்று வாங்கினார் என்ற விசாரணை, ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் பரவலைத் தடுக்கும் வேலை. வலைக் கணக்கு லாரி வேலை, 1-3-7 துப்பறியும் வேலை. இரண்டுக்கும் 'ஒழிப்பு நடவடிக்கை' என்று தலைப்புப் போட்டால், வாசிக்கிறவர் எந்த வேலைக்குக் காசு கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்கவேண்டும். இன்னொன்று, எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் பணம் தரும் உலக நிதியம் ஒரு நாட்டின் வருமானத்தையும் நோய்ச்சுமையையும் பார்த்தே பணம் தருகிறது. சுமை குறையக் குறைய வெளிப்பணம் வற்றும், காவலுக்கான செலவு உள்நாட்டுத் தலையில் விழும். அந்தச் சமயத்தில் பார்த்து "ஒழிந்துவிட்டது" என்று எழுதுவது, கழுத்து வரை நீரில் நிற்பவனிடம் கரை வந்துவிட்டது என்று சொல்வதுபோல.

எலிமினேஷனுக்கு என் தேர்வு அகற்றம். கழிவகற்றல் என்று தினமும் சொல்கிறோம், நேற்று அகற்றிய குப்பை இன்றும் சேரும், லாரி நாளையும் வரவேண்டும் என்று அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'அகல்' என்றால் தொலைவாதல், அழிதல் அல்ல. அறுவை சிகிச்சை வாடை அடிக்கிறது என்பார்கள், அடிக்கட்டும். நீக்கம் என்றொரு போட்டி இருக்கிறது, கணினி மொழிபெயர்ப்பு அதைத்தான் துப்புகிறது. பணிநீக்கமும் முடிநீக்கமும் நினைவுக்கு வருகின்றன. விலக்கம் எனக்குப் பிடித்த சொல். ஊர்விலக்கு செய்யப்பட்டவன் சாகவில்லை, எல்லைக்கு வெளியே நிற்கிறான், எலிமினேஷனுக்கு அச்சு அசல். ஆனால் வரிவிலக்கும் மதுவிலக்கும் அந்தச் சொல்லை முன்பே குத்தகைக்கு எடுத்துவிட்டன.

எராடிகேஷனுக்கு எதையும் ஆக்கவே வேண்டாம். வேரறுப்பு கையில் இருக்கிறது, லத்தீனோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. தோட்டத்தில் லாலான் புல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அரிவாளால் வெட்டினால் அடுத்த மழைக்கு எழும், அது கட்டுப்பாடு. மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடும் கிழங்குத்தண்டில் ஒரு கணு விட்டாலும் முளைக்கும். ஒரு கணுவும் விடாமல் தோண்டி நம் நிரையைச் சுத்தமாக்கினால் அது அகற்றம், பக்கத்துத் தோட்டத்து விதை பஞ்சாகப் பறந்து வரும் வரைக்கும்.

வேரறுப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு நன்மை, அது "வேர் எங்கே?" என்று கேட்க வைக்கும். பெரியம்மைக்கு மனிதனைத் தவிர இருப்பிடம் இல்லை, அதனால் பிடுங்க முடிந்தது. குரங்கு மலேரியாவின் வேர் காட்டில் நீள்வால் குரங்கிடமும் பன்றிவால் குரங்கிடமும் இருக்கிறது. 1965இல் பகாங்கில் காட்டு வேலைக்கு வந்த ஓர் அமெரிக்கரிடம் இந்த வகை முதலில் தெரிந்தது. 2004இல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழு, நுண்ணோக்கியில் வேறு வகையாகத் தெரிந்த பல நோயாளிகளிடம் இருந்தது இதுவே என்று மரபணுச் சோதனையில் காட்டியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018இல் இங்கே சுழியம். அதே 2018இல் குரங்கு மலேரியா 4,000 பேருக்கு மேல். மூன்று சொற்களும் தனித்தனியாக இருந்தால் இந்த இரண்டு வரியில் முரணே இல்லை.

போலியோவும் அப்படித்தான். 2000இல் மேற்குப் பசிபிக் வட்டாரத்தோடு சேர்ந்து நாம் சான்றிதழ் வாங்கினோம். 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ. "ஒழிந்த போலியோ திரும்பியது" என்று தலைப்பு, பேய்ப்படம் மாதிரி. வந்தது நாம் அகற்றிய காட்டு வகைகூட அல்ல, தடுப்பு மருந்துக் கிருமியிலிருந்து திரிந்த வகை. அது வேலி தாண்டி வந்தது, தடுப்பூசி விகிதம் குறைந்த இடத்தில் காலூன்றியது, அவ்வளவுதான்.

ஒரு சிக்கலுக்கு மட்டும் தமிழைக் குறைசொல்ல முடியாது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து எலிமினேஷன் என்று ஆங்கிலத்திலேயே ஒரு கோணல் பிரயோகம் உண்டு. தொழுநோயில் அதன் பொருள் 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே என்பது. தாயிடமிருந்து சேய்க்கு எச்ஐவி பரவுவதில், உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 50 புதுத் தொற்றுக்கு மேல் போகக்கூடாது என்பது அளவுகளில் ஒன்று. 2018இல் மலேசியா அதற்குச் சான்று பெற்றது. இங்கே சுழியமே கிடையாது. இதற்கு ஒற்றைச் சொல் தேடாமல் எண்ணை எழுதிவிடுவதே மேல்: "10,000க்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது." இதை "தொழுநோய் ஒழிந்தது" என்று எழுதினால், கையில் உணர்ச்சியற்ற தேமலோடு இருப்பவர் கிளினிக்கில் காட்டுவதற்கு முன் தயங்குவார். அவர் கணக்கில் அந்த நோய்தான் இல்லையே.

மொழிபெயர்ப்பாளர்களைத் திட்டத் தொடங்கினால் நிற்காது. கொசுவலை பங்கிடும் திட்டத்துக்கு வியூகம் என்கிறார்கள், அபிமன்யுவா உள்ளே போகிறான்? ஈடுபட்ட தரப்பினரையெல்லாம் பங்குதாரர் ஆக்கிவிட்டார்கள், இலாபம் எப்போது பிரிப்பார்கள் தெரியவில்லை. நோய்க் கண்காணிப்பு மட்டும் பரவாயில்லை. கங்காணியைப் பார்த்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பல் இருக்கிறது, விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று தலை எண்ணும் வேலைதான் அதுவும்.

அடுத்த ஏப்ரலுக்கு எழுதுகிறவர்கள் இப்படி எழுதிப் பார்க்கலாம்: "மனித மலேரியா மலேசிய மண்ணிலிருந்து அகற்றப்பட்டிருக்கிறது. குரங்கு மலேரியா இன்னும் பரவுகிறது. காட்டோரம் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே இரத்தம் சோதிக்கவேண்டும், இந்தக் கிருமி 24 மணிநேரத்துக்கு ஒருமுறை பெருகும்." ஒரு வாக்கியம் மூன்றாகிவிட்டது. வானொலியில் படிக்கப் பத்து விநாடி கூடுதலாகும்.