புறாவின் விலாசத்தை மாற்றுவது

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஒரு மினி லாரியில் ஏறிவிடும். நாய்கூட நாலு நாள் முரண்டு பிடித்துவிட்டுப் புதுத் திண்ணையில் படுத்துக்கொள்ளும். மொட்டைமாடியில் புறா வளர்த்தவருக்குத்தான் சிக்கல். கூண்டைப் பிரித்து எடுத்துப் போய் ஊரில் அதே மாதிரி பூட்டி, புறாக்களை உள்ளே விட்டு, மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், பழகிய கைதானே தீனி போடுகிறது என்று அவை இருந்துவிடாது. மேலே ஏறி இரண்டு சுற்று சுற்றும், அப்புறம் பழைய வீட்டைப் பார்த்துப் போய்விடும்.

சென்னைப் பெரம்பூரிலிருந்து உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குக் குடிபோவதாக வைத்துக்கொள்வோம். வான்வழியில் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பந்தயத்துக்கு வளர்க்கும் ஹோமர் புறா மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். இங்கே பாத்திர மூட்டையை அவிழ்த்து முடிப்பதற்குள் அது பெரம்பூர் மாடியில் உட்கார்ந்திருக்கும். வானில் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறாவுக்கும் சாதா புறாவுக்கும் இந்தத் திறமை குறைவு. அதனால் அவை ஊரிலேயே தங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். அவையும் கிளம்பும், வழியில் தொலையும். சொல்லப்போனால் ஹோமர் திரும்பிப் போவதைவிட இது மோசம்.

வளர்த்தவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் புறா ஆளைவிட இடத்தோடு ஒட்டுகிற பறவை. அதன் காட்டு மூதாதையான மாடப்புறா பாறை இடுக்கில் கூடு வைத்து, தூரத்து வயலில் தானியம் பொறுக்கிவிட்டு, அதே இடுக்குக்குத் திரும்பும். திரும்பி வந்த புறாக்களையே ஜோடி சேர்த்துச் சேர்த்து மனிதர்கள் அந்தக் குணத்தைத் தீட்டிவிட்டார்கள். இப்போது வீடு மாறும்போது அது நமக்கே எதிராக நிற்கிறது.

கூடையில் அடைத்து, வழி எதையும் பார்க்காமல் கொண்டுபோன புறா எப்படித் திரும்புகிறது? 1950களில் ஜெர்மன் ஆய்வாளர் குஸ்டாவ் கிராமர் இதை இரண்டாகப் பிரித்தார். தான் இருக்கும் இடத்திலிருந்து வீடு எந்தத் திசையில் என்று சொல்ல ஒரு வரைபடம் வேண்டும். அந்தத் திசை கண்ணெதிரே எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு திசைகாட்டி வேண்டும். இரண்டில் திசைகாட்டி சுலபமான பாதி. பகலில் அது சூரியன்தான்.

உத்திரமேரூரிலிருந்து பெரம்பூர் வடகிழக்கில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கிளம்பும் புறா, கிழக்கே நிற்கும் சூரியனைச் சற்று வலப்பக்கம் முன்னால் வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு என்றால் அதே சூரியன் இடப்பக்கம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆக, சூரியனைப் பார்த்தால் மட்டும் போதாது, மணி என்ன என்பதும் தெரிய வேண்டும். புறாவின் உடலுக்குள் அந்தக் கடிகாரம் இருக்கிறது. இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதைத் தப்பாக ஓட வைத்துப் பார்த்தார்கள். கிளாஸ் ஷ்மிட்-கோனிக் என்ற ஆய்வாளர் புறாக்களை ஓர் அறையில் அடைத்து, விளக்கு எரியும் நேரத்தையும் அணையும் நேரத்தையும் ஆறு மணி நேரம் தள்ளிவைத்துச் சில நாள் பழக்கினார். உச்சிப்பொழுதில் வெளியே விடப்படும் அப்படியொரு புறாவை நினைத்துப் பாருங்கள். அதன் கணக்கில் மணி காலை ஆறு. ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும். புறாவோ அதைக் கிழக்கு என்று எடுத்துக்கொள்கிறது. வீடு வடக்கே என்றால் 'கிழக்கை' வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பும், உண்மையில் கிழக்கு நோக்கிப் போகும். சோதனையிலும் புறாக்கள் ஏறக்குறைய 90 பாகை விலகித்தான் பறந்தன.

வானம் மூடியிருந்தால்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கீட்டன் புறாக்களின் முதுகில் சிறு காந்தத்தை ஒட்டி விட்டார். வெயில் நாளில் அவை தடுமாறவில்லை. மேகமூட்டத்தில் தடுமாறின. அதே எடையுள்ள பித்தளைத் துண்டை ஒட்டிய புறாக்கள் மேகமூட்டத்திலும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தன. 1971-இல் வெளிவந்த முடிவு இது. சூரியன் இல்லாதபோது பூமியின் காந்தப்புலம் கைகொடுக்கிறது என்பது அதன் பொருள். அலகில் இரும்புச்சத்துள்ள செல்கள் இருக்கின்றன, அவைதான் காந்தத்தை உணர்கின்றன என்று பல காலம் பாடப்புத்தகங்களிலேயே எழுதினார்கள். 2012-இல் டேவிட் கீஸ் குழுவினர் அந்தச் செல்களை நுணுக்கிப் பார்த்தபோது, அவை கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் என்று தெரிந்தது.

இனி வரைபடம். இதுதான் கடினமான பாதி, எனக்குப் பிடித்த பாதியும் இதுதான். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் பீசா நகரில் ஃப்ளோரியானோ பாப்பி, முகரும் சக்தி இழந்த புறாக்கள் பழக்கமில்லாத இடத்திலிருந்து வீடு திரும்பத் திணறுவதைக் காட்டினார். பறவைக்கு மூக்கு மந்தம் என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம், அதனால் பலர் ஏற்கவில்லை. ஆனால் அடுத்து வந்த சோதனைகளில் பெரும்பாலானவை அவர் பக்கம்தான் சாய்ந்தன. 2006-இல் அன்னா காலியார்தோ குழுவினர் சில புறாக்களுக்கு முகர்வு நரம்பையும், சிலவற்றுக்கு அலகின் காந்த உணர்வோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்த வேறொரு நரம்பையும் துண்டித்தார்கள். இரண்டாவது கூட்டம் சாதாரணமாகத் திரும்பியது. முகர்வு நரம்பு போனவைதான் பெரும்பாலும் தொலைந்தன.

இது வேலை செய்யும் விதத்தைப் பெரம்பூர் மாடியிலிருந்தே சொல்லலாம். கூண்டு காற்றோட்டமாக இருக்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த மணலிப் பக்கக் காற்று ஒரு வாடையோடு வரும், பிற்பகலில் கடல்காற்று வேறு வாடையோடு வரும், மேற்கிலிருந்து அடிக்கும் அனல்காற்றில் இன்னொன்று. வளரும் குஞ்சு எந்தத் திசைக் காற்றில் எந்த வாடை என்று மாதக்கணக்கில் சேர்த்துவைக்கிறது. பிறகு அதை எங்கோ கொண்டுபோய்த் திறந்தால், அங்கே மேற்குக் காற்றின் வாடை தூக்கலாக இருந்தால், தான் மேற்கே இருப்பதாகக் கொண்டு கிழக்கே திரும்பும். காற்றுப் புகாதபடி சுற்றிலும் தடுப்பு வைத்த கூண்டுகளில் வளர்ந்த புறாக்களால் தூரத்திலிருந்து வீட்டுத் திசையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது ஹான்ஸ் வால்ராஃப் செய்த சோதனை.

பழகிய பகுதிக்குள் வந்துவிட்டால் கண்தான் ராஜா. ஆக்ஸ்ஃபோர்டில் ஜிபிஎஸ் கருவி கட்டிவிட்ட புறாக்கள் நெடுஞ்சாலைக்கு மேலாகவே பறந்து, சந்திப்பு வந்ததும் திரும்பியிருக்கின்றன. ஒவ்வொரு புறாவுக்கும் ஒரு வழி, நேர்வழி இல்லாவிட்டாலும் அதையே பிடித்துக்கொள்ளும். அப்படிப் படித்த வழியை 3, 4 ஆண்டு கழித்தும் ஓரளவுக்கு நினைவில் வைத்திருந்தன. ஆறு மாதம் அடைத்துவைத்தால் மறந்துவிடும் என்று நம்பிக் கதவைத் திறக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, இந்த விலாசம் எப்போது எழுதப்படுகிறது? முட்டையிட்டு 18 நாள் அளவில் குஞ்சு பொரியும். முதல் சில நாள் தாயும் தகப்பனும் தீனிப்பையில் ஊறும் பாலை ஊட்டும். நாலு வாரத்தில் குஞ்சு தானே தீனி பொறுக்கும், ஐந்தாவது வாரத்தில் இறக்கையை நம்பத் தொடங்கும். அப்போது கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கிறதே, அங்கே ஆரம்பிக்கிறது. முதலில் பக்கத்து மாடி, அப்புறம் தெருவைச் சுற்றி ஒரு வட்டம், அப்புறம் கண்ணுக்கு மறையும் அளவுக்கு. புறாக்காரர்கள் 'செட் பண்ண', அதாவது தங்கள் கூண்டுக்குப் பழக்க, இன்னும் பறக்காத குஞ்சாகப் பார்த்து வாங்குவது இதனால்தான். அதன் மனத்தில் வேறு வீடு கிடையாது.

பெரிய புறாவுக்குப் புது வீடு பழகவே பழகாதா என்றால், பழகும். முதல் உலகப் போரில் ராணுவங்கள் நடமாடும் புறாக்கூண்டுகளை வைத்திருந்தன. லண்டன் பேருந்துகளைக்கூடக் கூண்டாக மாற்றிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். வண்டி இடம் மாறினாலும் புறா அதைத் தேடி வந்து இறங்கியது. ஆனால் அவை இளம் வயதிலிருந்தே இடம் மாற மாறப் பழக்கப்பட்டவை. 1946-இல் தொடங்கிய ஒடிசா காவல்துறையின் புறா அஞ்சலில் இன்னொரு உத்தி இருந்தது. கூடு ஓரிடம், தீனி வேறிடம் என்று பழக்கி, ஒரே புறாவைப் போகவும் வரவும் பறக்கவிட்டார்கள். பசி இரண்டாவது விலாசத்தை எழுதும், முதலாவதை அழிக்காது.

ஆகவே ஊருக்குப் போகிறவர் செய்யக்கூடியது இது. கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பே முட்டை வைப்பதை நிறுத்தச் சேவலையும் பெட்டையையும் பிரித்துவிடுங்கள். கூட்டில் சின்னக் குஞ்சோடு பயணம் செய்தால், மிரண்ட ஜோடி ஊட்டுவதை நிறுத்திவிடும். காற்று நுழையும் கூடையில், நெருக்கியடிக்காமல், இரவில் கொண்டுபோவது நல்லது. நிற்கும் இடத்தில் தண்ணீர் வைத்தால் ஆழமான கிண்ணத்தில் வையுங்கள். கோழி மாதிரி அள்ளித் தலையைத் தூக்காது புறா, அலகை முக்கி உறிஞ்சும்.

ஊரில் கூண்டோடு ஒட்டி, கம்பிவலை அடித்த முற்றம் ஒன்று வேண்டும். சூரியனும் காற்றும் நன்றாகப் படும்படி இருக்கட்டும், காரணம் மேலே சொன்னதுதான். பழைய புறாக்கள் அதற்குள்ளேயே ஜோடி சேர்ந்து குஞ்சு பொரிக்கட்டும். சிறைதான், ஆனால் இறக்கை விரிக்க இடம் கொடுத்தால் பத்து ஆண்டுகூட நன்றாக வாழும். இறகைப் பிடுங்கி விடுவது சிலர் வழக்கம். ஆறேழு வாரத்தில் முளைத்ததும் அது கிளம்பிவிடும், நடுவில் பறக்க முடியாமல் பூனைக்கு இரையாகும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படியும் ஒன்றைத் திறந்துவிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், முட்டையோ குஞ்சோ இருக்கும் ஜோடியில் ஒன்றை மட்டும், பசியோடு, பொழுது சாயும் நேரத்தில் விடுங்கள். இருட்டில் புறா தூரப் பயணம் கிளம்பாது. பெரம்பூரில் அடுத்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் புத்திசாலித்தனம், திரும்பிப் போனதைப் பிடித்துவைக்க ஆள் வேண்டுமே.

ஊரில் பொரித்த குஞ்சுகள்தான் உத்திரமேரூர் வானத்தில் பறக்கப் போகிறவை. அவற்றைச் சுற்றுவட்டாரத்தில் பழக்கிய பிறகு 2 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் என்று மெல்லத் தள்ளிப் போய் விடலாம். கிராமத்தில் கவனிக்க வேண்டியவை வேறு: வல்லூறு, முட்டைக்கு வரும் சாரைப்பாம்பு, இரவில் மரநாய், கொசு பரப்பும் அம்மை, விதைப்புக் காலத்தில் மருந்து கலந்து தூவிய விதை. விதைக்கிற வாரம் புறாவைத் திறக்காமல் இருப்பதே மேல்.

வளர்ப்பவரின் நுரையீரலும் இந்தக் கணக்கில் சேரும். புறாவின் இறகுத் தூசியிலும் காய்ந்த எச்சத்திலும் உள்ள புரதங்களை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால், சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையால் வீங்கித் தழும்பேறிவிடும். கூண்டைச் சுத்தம் செய்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் 'புறா வளர்க்கிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எச்சத்தைக் காயக் காயப் பெருக்காமல் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் போட வேண்டும்.