ஜவுளிக்கடையில் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள்

தீபாவளி நெருங்கினால் ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அதிகத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) உள்ள பிள்ளைகளோடு என்னிடம் வரும் பெற்றோர் பலரும் கேட்பது ஒன்றுதான்: "இவனைக் கூட்டிட்டு எப்படி மேடம் துணி எடுக்கப் போறது?" பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் தனக்கான சட்டையைத் தானே எடுக்கும் சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கும் வேண்டும் இல்லையா?

ஏடிஹெச்டி உள்ள குழந்தைகள் பலருக்குக் கூட்டம், சத்தத்தைவிடக் கஷ்டமானது காத்திருப்பது. நம் பெரிய ஜவுளிக்கடைகளை யோசித்துப் பாருங்கள். அம்மா புடவை பார்க்கும்வரை ஒரு காத்திருப்பு, பில் போட ஒன்று, பணம் கட்ட ஒன்று, கடைசியில் டெலிவரி கவுண்டரில் பையை வாங்க இன்னொன்று. மூளையில் பொறுமையையும் அடக்கத்தையும் கவனிக்கும் முன்பகுதி இந்தக் குழந்தைகளுக்குத் தாமதமாக முதிர்கிறது. 2007-இல் வெளியான அமெரிக்க ஸ்கேன் ஆய்வு அந்தத் தாமதத்தைச் சராசரியாகச் சுமார் 3 ஆண்டு என்று காட்டியது. எனவே 8 வயதுப் பையனிடம் 8 வயதுக்கான பொறுமையை எதிர்பார்த்துவிட்டு, 'அடம் பிடிக்கிறான்' என்று அடிப்பது அநியாயம்.

நான் சொல்வது, காத்திருப்பை வேலையாக மாற்றுங்கள். பட்டியல் அவன் கையில் இருக்கட்டும், எடுத்ததை அவனே பேனாவால் அடிக்கட்டும். பை தூக்குவது, அப்பாவின் சட்டை அளவைத் தேடிப் பிடிப்பது, பில்லில் உள்ள எண்களைச் சரிபார்ப்பது எல்லாம் நல்ல வேலைகள். புடவைப் பிரிவில் மட்டும் எந்த வேலையும் நீண்ட நேரம் தாங்காது, அந்த நேரத்தில் இன்னொருவர் அவனை வெளியே ஒரு சுற்று நடத்திக் கூட்டி வரட்டும்.

கடைக்குள் நுழையும் முன்பு, வாசலிலேயே நின்று, இரண்டே விதிகளைச் சொல்லி அவனையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: கைக்கெட்டும் தூரத்தில் இரு, வேண்டுமென்றால் கேள். வீட்டில் சொன்னது பஸ்ஸில் இறங்குவதற்குள் மறந்துபோகும். பாராட்டையும் பரிசையும் உடனே, சின்னதாகக் கொடுங்கள். ஒவ்வொரு பிரிவும் முடிந்ததும் ஒரு ஸ்டிக்கர், மூன்று சேர்ந்தால் வெளியே வந்தவுடன் ஐஸ்கிரீம். "ஒழுங்கா இருந்தா ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்" என்பது அவனுக்கு ரொம்பத் தூரம். அப்புறம், சம்பாதித்த ஸ்டிக்கரைக் கோபத்தில் பிடுங்காதீர்கள், அடுத்த முறை உங்கள் பேச்சை நம்பமாட்டான்.

மாத்திரை எடுக்கும் குழந்தை என்றால் நேரத்தையும் பாருங்கள். ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தில், நீண்ட நேரம் வேலை செய்யும் வகை அல்லாத சாதாரண மாத்திரையின் பலன் சுமார் 4 மணி நேரம்தான், காலையில் போட்டது சாயங்காலக் கூட்டத்துக்கு உதவாது. அளவை நீங்களே கூட்டவேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். அதைவிட எளிது, கடை திறந்ததும் காலையிலேயே போய்விடுவது.

இவ்வளவு செய்தும் அழுது புரளலாம். அப்போது பில்லை விட்டுவிட்டு ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், பேச்சே வேண்டாம், தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். "வளர்த்த லட்சணத்தைப் பாரு" என்று யாராவது முணுமுணுத்தால், அவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.