வீடியோவில் முழங்கினால் அது கேள்வி ஆகிவிடாது

மறுபடியும் அதே மாதிரி ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. எம்.பி. ஒருவர் எழுந்து நின்று, பாதியில் நிற்கும் ரயில்வே மேம்பாலத்தைப் பற்றி இரண்டு நிமிடம் ஆவேசமாகப் பேசுகிறார். "அமைச்சரைத் திணறடித்த கேள்வி" என்று தலைப்பு. துறை அமைச்சர் அவையில் இருக்கிறாரா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் அவர் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஏனென்றால் அது கேள்வியே இல்லை, நேரமில்லா நேரத்துப் (ஜீரோ ஹவர்) பேச்சு.

இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள், சமூக ஆர்வலர்கள், சில நேரம் செய்தியாளர்களும்கூட, "எங்கள் பிரச்சினையை எம்.பி. அவையில் கேட்டுவிட்டார், இன்னும் பதில் வரவில்லையே" என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வராது ஐயா. வரவேண்டிய வழியில் அது போகவே இல்லை.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் பகல் 12 மணி முதல் 1 மணி வரை. இதில் வரும் கேள்விகள் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, ஏற்கப்பட்டு, எண் போட்டு அச்சானவை. துறை இவற்றுக்குப் பதில் தந்தே ஆகவேண்டும். அந்தப் பதில் அவைப் பதிவில் ஏறும், தவறாக இருந்தால் அமைச்சர்தான் பொறுப்பு. நேரமில்லா நேரம் வேறு. மக்களவையில் 12 மணிக்கு மேல் அவசர விஷயங்களை எழுப்ப வாய்ப்பளிக்கும் இது, நடைமுறை விதிகளில் பெயரே இல்லாத ஒரு வழக்கம். அமைச்சர் விரும்பினால் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லலாம், விரும்பாவிட்டால் இல்லை. மூன்றாவதாக விதி 377 இருக்கிறது: 250 சொல்லுக்குள் ஓர் அறிக்கையை வாசிக்கலாம் அல்லது அவையில் வைக்கலாம், துறை பின்னர் எழுத்தில் பதில் அனுப்பும். மூன்றும் மூன்று கருவிகள். சத்தம் அதிகம் எழுவது எதிலோ, பதில் சொல்லும் கடமை அதில்தான் குறைவு.

நேரமில்லா நேரத்தில் பேசுவது வீண் என்று சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் செய்தியாக்க அது போதும். கணக்குக் கேட்க அது போதாது, அவ்வளவுதான்.

கேள்விகளில் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்டவை வாய்மொழிப் பதிலுக்கு, குறியிடாதவை எழுத்துப் பதிலுக்கு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துக் கேள்விகளும் பட்டியலில் வரும். மாநிலங்களவையில் 15-ம் 160-ம். வந்து குவியும் நோட்டீஸ்களில் எது பட்டியலில் ஏறும் என்பது குலுக்கலில் முடிவாகும். மக்களவையில் ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளில் அதிகபட்சம் 5 கேள்விகள்தான், அதில் நட்சத்திரக் கேள்வி ஒன்றே ஒன்று. அந்த 20-லும் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழியாக எட்டுவது பெரும்பாலும் நான்கைந்துதான். மிச்சமெல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும். ஆகவே "எங்கள் கேள்வியை நட்சத்திரக் கேள்வியாகத்தான் போடவேண்டும்" என்று அடம்பிடிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது புள்ளிவிவரம் என்றால் எழுத்துக் கேள்வியே மேல். இணைப்புப் பட்டியலோடு பக்கம் பக்கமாக வரும்.

நட்சத்திரக் கேள்வியின் அருமை துணைக் கேள்வியில் இருக்கிறது. கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள் கிடைக்கும், பிறகு மற்றவர்களும் கேட்கலாம். அதிகாரி எழுதிக் கொடுத்த தாளைத் தாண்டி அமைச்சர் நிற்கும் இடம் அது. எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்ட விவகாரம் 1957-இல் நாடாளுமன்றக் கேள்விகளில்தான் தலைகாட்டியது. அதைத் துருவி எடுத்த பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி எம்.பி. சாக்ளா விசாரணை ஆணையம் அமைந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். துணைக் கேள்வி கேட்பதற்குப் பத்து பக்கக் கோப்பைப் படித்திருக்கவேண்டும். தாளைப் பார்த்து வாசிக்கும் துணைக் கேள்வி பயன்படாது. அமைச்சர் முதல் பதிலையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

இனி வரைவு. பெரும்பாலான கேள்விகள் சாவது இங்கேதான்.

வழக்கமாக வந்து சேரும் வரைவு இப்படி இருக்கும்: "(அ) இன்ன ஊர் மேம்பாலப் பணி ரயில்வேயின் அலட்சியத்தால் முடங்கி மக்கள் அவதிப்படுவதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், விவரம் என்ன? (இ) எடுத்த நடவடிக்கை என்ன?" இதற்கு என்ன பதில் வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். "(அ) இல்லை. (ஆ), (இ) கேள்வி எழவில்லை." முடிந்தது. முதல் பகுதியில் 'அறியுமா' என்று கேட்டு, மற்ற எல்லாவற்றையும் 'ஆம் எனில்' என்று அதன் தலையில் கட்டினால், ஒரே ஒரு 'இல்லை' மொத்தத்தையும் சாய்த்துவிடும். 'அலட்சியத்தால்' என்ற சொல்லோ, கேள்வியை நிராகரிக்கவோ வெட்டித் திருத்தவோ அவைச் செயலகத்துக்கு நீங்களே கொடுக்கும் கத்தரிக்கோல். வாதம், ஊகம், கேலி, பழிச்சொல், அடைமொழி எதுவும் கேள்வியில் இருக்கக்கூடாது என்று விதி 41 தெளிவாகச் சொல்கிறது. கோபத்தைத் துணைக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மேம்பாலத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள். ரயில்வே கடவு (லெவல் கிராசிங்) எண்ணைக் குறிப்பிட்டு: பணிக்கு ஒப்புதல் தந்த ஆண்டும் மதிப்பீட்டுத் தொகையும் என்ன, கடந்த 3 ஆண்டுகளிலும் நடப்பு ஆண்டிலும் ஒதுக்கிய தொகை, செலவான தொகை ஆண்டுவாரியாக என்ன, தேவைப்படும் நிலம் எத்தனை ஹெக்டேர், அதில் கைக்கு வந்தது எவ்வளவு, நிலத்துக்காக மாநில அரசிடம் செலுத்திய தொகையும் தேதியும் என்ன, ஒப்பந்தப்புள்ளி கோரிய தேதி என்ன. ஒவ்வொரு பகுதியும் தனிக்காலில் நிற்கிறது. ஒன்றுக்கு 'இல்லை' வந்தாலும் அடுத்தது விழாது.

'எப்போது முடியும்' என்பதை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ரயில்வேயிடம் அதற்குத் தேய்ந்துபோன பதில் ஒன்று தயாராக உண்டு: நிலம் கையகப்படுத்துதல், வனத்துறை அனுமதி, மாநில அரசின் ஒத்துழைப்பு என்று பல காரணிகளைப் பொறுத்தது, எனவே காலக்கெடு சொல்ல இயலாது. ஹெக்டேரும் தேதியும் கேட்டால் அந்தப் பதிலுக்குள் ஒளிய முடியாது. தடை எந்த அலுவலகத்தில் என்பது தானே வெளிப்பட்டுவிடும். அது மாநில அலுவலகமாக இருந்தால், அடுத்த கேள்வி சட்டமன்றத்தில் உங்கள் எம்.எல்.ஏ. கேட்கவேண்டியது.

எந்த அமைச்சகத்திடம் கேட்கிறோம் என்பது பாதி வேலை. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துப் பதில் மட்டும்தான். ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றி மக்களவையில் கேட்டபோது தொழிலாளர் அமைச்சகம், அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. நாடே கொதித்தது. அதே கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடம், அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். மாநிலக் காவல்துறைத் தகவலின் அடிப்படையில், செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று எண்ணோடு பதில் வந்தது. சாலையில் நடந்து இறந்தவர்கள் அதில் இல்லைதான். ஆனால் தரவே இல்லை என்ற இடத்தில் ஒரு எண் பதிவானது. வித்தியாசம் ஆவேசத்தில் இல்லை. பதிவேடு யாரிடம் இருக்கும் என்று யோசித்து, அந்தக் கதவைத் தட்டியதில் இருக்கிறது.

எனவே எழுதுவதற்கு முன் அந்த அமைச்சகத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டுங்கள். அவர்கள் எந்த அட்டவணைப் பத்திகளில் கணக்கு வைக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பத்தியின் பெயராலேயே கேளுங்கள். மாநிலவாரியாக வைத்திருப்பதை மாவட்டவாரியாகக் கேட்டால் 'மத்தியில் பராமரிக்கப்படவில்லை' என்று கையை விரிப்பார்கள். ஆண்டறிக்கையிலேயே அச்சாகியிருப்பதைக் கேட்டாலும் ஏற்கமாட்டார்கள், எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்கக்கூடாது. பழைய பதில்கள் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அமைச்சகவாரியாகத் தேடக் கிடைக்கின்றன. அதைக்கூடப் பார்க்காமல், ஏற்கெனவே பதில் வந்த கேள்வியைப் புதுக்கருக்கோடு அனுப்புகிறவர்களை என்ன சொல்ல!

நிராகரிப்புக்கு மற்ற காரணங்கள் சுருக்கமாக: 150 சொல்லைத் தாண்டுவது, அரசின் கருத்தைக் கேட்பது, 'ஒருவேளை இப்படி நடந்தால்' என்ற கற்பனை, நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பது, மத்திய அரசு முதன்மையாகப் பொறுப்பேற்காத விஷயம். கடைசியில் சொன்னதுதான் அதிகம் வருகிறது. காவல் நிலையம், பட்டா, ஊராட்சிக் குடிநீர்க் குழாய் இவற்றுக்கு டெல்லியில் கேள்வி போடச் சொல்லாதீர்கள். வருங்கால வைப்பு நிதி, பாஸ்போர்ட், தேசிய நெடுஞ்சாலை, துறைமுகம், மத்திய நிதி வரும் திட்டம் என்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு வேண்டாத வேலை, ஒரே வரைவை இருபது எம்.பி.க்களுக்கு அனுப்புவது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் செயலகம் ஒன்றாகச் சேர்த்துவிடும். இருபது பெயர், ஒரே பதில். அதற்குப் பதில் ஒருவர் ஒதுக்கீட்டையும், ஒருவர் ஒப்பந்தத்தையும், ஒருவர் ஆய்வறிக்கையையும் கேட்டால் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் அருகருகே வைத்தால் முரண் இருக்கிறதா என்று தெரியும்.

நாள் கணக்கு. நோட்டீசுக்கும் பதில் நாளுக்கும் நடுவே முழுதாக 15 நாள் வேண்டும், இரு முனை நாட்களும் சேராது. ஆகஸ்ட் 20-இல் பதில் வேண்டுமென்றால் ஆகஸ்ட் 4-க்குள் நோட்டீஸ் போயிருக்கவேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். மூன்று வாரக் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் யார் என்ன செய்ய முடியும்? கூட்டத்தொடர் எப்போது என்று செய்தி வந்த அன்றே எம்.பி. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். ஒரு பக்கம் போதும், ஆதாரத்தை இணைப்பாக வையுங்கள். நூறு பக்க மனுவை உதவியாளர் புரட்டமாட்டார்.

எம்.பி. அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க மாட்டார். அவர் பெயருக்கு நேரே 'பூஜ்யம்' என்று வரும் அட்டவணையைப் பகிர்ந்து ஏளனம் செய்வது உங்கள் அறியாமையைத்தான் காட்டும்.

பதில் வந்த பிறகு அதைச் சொல் சொல்லாகப் படியுங்கள், தலைப்புச் செய்தியை நம்பாதீர்கள். 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்கள் பற்றி மாநிலங்களவையில் வந்த பதில், மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் அப்படிக் குறிப்பாக எதுவும் தெரிவிக்கவில்லை என்பதுதான். 'யாரும் சாகவில்லை' என்று அதில் இல்லை. மாநிலங்கள் அனுப்பும் அறிக்கைப் படிவத்தில் அதற்கு இடம் இருந்ததா என்பதே அடுத்துக் கேட்கவேண்டியது. அதைக் கேட்பதை விட்டு எல்லோரும் தலைப்போடு மல்லுக்கட்டினார்கள்.

'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்ற வாசகங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் அதிகம். உண்மையில் அவை உங்களுக்குக் கிடைத்த பிடி. இவை அரசு உறுதிமொழிகளாகக் கணக்கில் எடுக்கப்படும், 3 மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும். மக்களவையில் 1953 முதல் இதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. தவணை தாண்டினால் துறை அந்தக் குழுவிடம் நீட்டிப்புக் கேட்கவேண்டும். கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து, 3 மாதம் கழித்து எம்.பி.யிடம் நினைவூட்டுங்கள். தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். ஏறக்குறைய யாரும் செய்வதில்லை.

பதிலில் தகவல் பிழை என்றால் சபாநாயகர் வழிகாட்டுதல் 115-இன் கீழ் உறுப்பினர் சுட்டிக்காட்டலாம். ஆதாரம் கையில் இருக்கவேண்டும். பதில் போதாமல் மேலும் விளக்கம் தேவைப்பட்டால் விதி 55-இன் கீழ் அரை மணி நேர விவாதத்துக்கு 3 நாள் முன்பு நோட்டீஸ் கொடுக்கலாம். எடுத்த எடுப்பில் அவை உரிமை மீறல் என்று கிளம்பவேண்டாம். வேண்டுமென்றே திசைதிருப்பியதாக நிறுவுவது கடினம்.

கடைசியாக, கேள்வி போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2005 டிசம்பரில் கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். நோட்டீஸ் பதியும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியாருக்குக் கொடுத்த பிரச்சினை 2023 டிசம்பரில் ஒரு மக்களவை உறுப்பினரின் பதவியைப் பறித்தது. "நாங்களே நேரடியாகப் பதிந்துவிடுகிறோம், கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று எம்.பி.யின் உதவியாளரைத் தொந்தரவு செய்யாதீர்கள். வரைவைக் கொடுங்கள், ஏற்பு வந்ததா என்று கேளுங்கள், வராவிட்டால் நிராகரிப்புக் காரணத்தை வாங்கி அடுத்த வரைவைத் திருத்துங்கள்.