தோடியின் காந்தாரமும் ட்யூனர் ஆப்பும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், பல ஆண்டுகளாக வயலினும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். சமீப காலமாகப் பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான், ஸ்வரம் சரியாக நின்றால் பச்சை காட்டும் ட்யூனர் ஆப் பற்றி. "வீட்டில் ட்யூனர் ஆப் வைத்துப் பார்த்தோம் டீச்சர். பிள்ளை தப்பாகப் பாடுகிறாள். முள் பச்சையில் நிற்கவே மாட்டேன் என்கிறது."

நிற்காது. நிற்கவும் கூடாது. அந்தப் பிள்ளை பாடியது தோடி ராகம். தோடியின் காந்தாரம் (கா) ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (மா) நடுவே போய்த் திரும்பி அசைந்துகொண்டே இருக்கும்; அந்த அசைவுதான் அதற்கு உருவம். அசைவை எடுத்துவிட்டுக் கோடு போட்ட மாதிரி நீட்டிப் பிடித்தால் ஆப் பச்சை காட்டும், தோடி காணாமல் போய்விடும். பச்சை வர வேண்டும் என்று ஒரு மாதம் வீட்டில் திருத்தியிருந்தார்கள். அதைக் கலைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் எல்லாரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை எடுக்காமல், குரலை விடாமல் வழுக்கிக்கொண்டு போவதை ஜாரு என்கிறோம். மேலே போனால் ஏற்ற ஜாரு, கீழே வந்தால் இறக்க ஜாரு. 1904-இல் எட்டயபுரத்தில் வெளியான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கு, அதாவது ஸ்வரத்தின் இந்த மாதிரி அசைவுகளுக்கும் இழைவுகளுக்கும், தனித்தனிக் குறிகள் கொடுத்திருக்கிறார். ஜாருவுக்கு ஒரு சின்னச் சாய்கோடு, அவ்வளவுதான். எங்கிருந்து எங்கே என்பதை அந்தக் கோடு சொல்லும். எப்போது கிளம்புவது, எவ்வளவு வேகத்தில் போவது என்பதைக் காதுதான் கற்க வேண்டும்.

மேல் ஷட்ஜத்திலிருந்து (ஸா) பஞ்சமத்துக்கு (பா) இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பழகும் பிள்ளைகள் ஸாவைத் தொட்ட உடனே வழுக்க ஆரம்பித்து, கொடுத்த நேரம் முழுக்க வழுக்கிக்கொண்டே வருவார்கள். ஆம்புலன்ஸ் போகிற மாதிரி இருக்கும். ஸாவில் நிம்மதியாக நின்றுவிட்டு, கடைசி நேரத்தில் ஒரே இழுப்பில் இறங்கி, பஞ்சமத்தைத் தாண்டாமல் வந்து உட்கார வேண்டும். வழியில் வில் நிற்கக் கூடாது, அழுத்தவும் கூடாது. மெதுவான விளம்ப காலத்தில் அந்த வழியே கொஞ்சம் காதில் விழலாம், அழகாகவும் இருக்கும். அதைவிட வேகமான மத்திம காலத்தில் அதே அளவு இழுத்தால் அழுகை ஆகிவிடும். இந்த அளவைப் பழக நான் என் பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் நேரம் கொடுக்கிறேன். புதுப் பாட்டு வரவில்லையே என்று பெற்றோருக்குப் பொறுமை போகிறது. தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய வயலின் கற்ற பிள்ளைகளும் வருகிறார்கள். நல்ல பயிற்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் நின்றுகொண்டு தாடையால் வயலினைப் பிடிக்கிறார்கள், விரல் ஒவ்வொன்றும் ஆணி அடித்தது போல் விழுகிறது. முதல் நாளே தரையில் சம்மணம் போட வைக்கிறேன். வயலினின் தலை வலது கணுக்கால் மேல், அடிப்பக்கம் தோளை ஒட்டி நெஞ்சில். இப்படி வாத்தியத்தின் பாரம் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டால் இடது கைக்கு அதைத் தாங்கும் வேலையே இல்லை, மேலும் கீழும் தாராளமாக ஓடலாம். கட்டைவிரல் கழுத்தை இறுக்கிப் பிடித்தால் ஜாரு நடுவில் தடுக்கும், கொஞ்ச நாளில் மணிக்கட்டும் வலிக்கும். பிள்ளை வலி என்று சொன்னால் "பழகிவிடும்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். என்னிடம் சொல்லுங்கள், பிடியில்தான் ஏதோ தப்பு.

"வழுக்கினால் அது சுத்தமான வாசிப்பு இல்லையாமே?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். மேற்கிலும் அப்படி எப்போதும் இருந்ததில்லை. 1900-களின் தொடக்கத்தில் வயலின் கலைஞர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் வாசித்த ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், ஸ்வரத்துக்கு ஸ்வரம் எவ்வளவு இழைந்து போகிறார் என்று தெரியும். பின்னால் வந்தவர்கள் அதைக் குறைத்துக்கொண்டார்கள். அது அங்கே மாறின ரசனை. நம் சங்கீதத்தில் இழைவை எடுத்தால் ராகமே போய்விடும்.

கீபோர்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மவர் வீடுகளில் அது இருக்கிறது, பஜனைக்கு உதவுகிறது, நல்லது. ஆனால் கர்நாடக சங்கீதத்தை அதில் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றும் இல்லை. மோகனம், ஹம்ஸத்வனி ராகங்கள் ஓரளவு தாங்கும். தோடி, பைரவி, சஹானா தாங்காது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டபோது சொன்ன காரணங்களில் இதுவும் உண்டு; அந்தத் தடை 1971 வரை நீடித்தது. கீபோர்டில் ஸ்வரத்தை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பியே கமகம் கொண்டுவரும் வித்வான்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்கள் காதில் ராகம் முதலிலேயே இருந்தது. பிள்ளைக்கு, ஸ்வரங்களை இரட்டை இரட்டையாகப் பாடும் ஆரம்பப் பயிற்சியான ஜண்டை வரிசையிலேயே இடறும். ஸஸ ரிரி கக என்று கட்டையை இரண்டு முறை தட்டினால் அது ஜண்டை ஆகாது. இரண்டாவது ஸ்வரத்தைக் கீழ் ஸ்வரத்திலிருந்து எகிறிப் பிடிக்க வேண்டும். அதுதான் ஸ்புரிதம், பிள்ளை கற்கும் முதல் கமகம்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்ததிலிருந்து கோயில் பாட்டும் தெருக்கூத்தும் வாய்வழியாக இங்கே நின்றன. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. 1993 வரை உறவு திரும்பவில்லை. குருவின் எதிரில் உட்கார்ந்து கற்பது அந்தத் தலைமுறைக்கு அரிதாகவே கிடைத்தது. இசைத்தட்டுகளை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டே பாடினவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பாட்டில் எழுத்துப் பிழை இருக்கும், இழைவில் பிழை இருக்காது. இன்று நம் பிள்ளைகளிடம் புத்தகம் இருக்கிறது, ஆப் இருக்கிறது, கேட்பதுதான் குறைந்துவிட்டது.

நான் மேலே சொன்ன அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. 2023-இல் ஒரு மாலை, வகுப்பு நடுவில் லோட் ஷெடிங். மின்சாரம் வர இரண்டு மணி நேரம் ஆகும். ஸ்ருதிப் பெட்டி நின்றுவிட்டது, புத்தகம் தெரியவில்லை. அவளை அழைத்துப்போக வந்திருந்த அவள் ஆயா (பாட்டி) பின்னால் உட்கார்ந்திருந்தார். "ஆயா, நீங்கள் ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்றேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பாடும் மாரியம்மன் பாட்டைப் பாடினார். ஸ்வரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு அடி முடிவிலும் குரல் எவ்வளவு லேசாக இறங்கி உட்கார்ந்தது!

"இப்போது அதே மாதிரி கா" என்றேன் பேத்தியிடம். பாடினாள். அகலம் அதிகம், மத்தியமத்தைத் தாண்டிப் போனது. ஆனால் அசைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "அது ரொம்ப மேலே போயிடுச்சு ஆண்ட்டி, இருங்க" என்று சொல்லிவிட்டு, இருட்டில் மறுபடி ரிஷபத்திலிருந்து ஆரம்பித்தாள்.