நெரோலி: சொல்லும் பொருளும்

பழமும் பூவும் கலந்த மணம் என்று விற்கிற சென்ட் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால், 'நெரோலி' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். ஏதோ ஒரு பூவின் பெயர் போலத் தோன்றும். ஆனால் அது ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது.

பொருளை முதலில் பார்ப்போம். கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூக்களை நீராவியில் வடித்தால் கிடைக்கும் எண்ணெய்தான் நெரோலி. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய ஒரு டன் பூ வேண்டும். விலை ஏன் அவ்வளவு அதிகம் என்று இனி கேட்க வேண்டியதில்லை.

ரோம் நகருக்கு அருகே நெரோலா என்று ஒரு சிற்றூர். பிரெஞ்சுக்காரியான ஆன் மரி 1675-இல் ஒர்சினி குடும்பத்துப் பிரபுவை மணந்து நெரோலாவின் இளவரசியானார். அந்தக் காலத்துத் தோல் கையுறைகளில் பதனிடும் நாற்றம் போகாது. அதை மறைக்க வாசனை ஏற்றுவார்கள். இளவரசி தன் கையுறைக்கும் குளிக்கும் நீருக்கும் இந்தப் பூ எண்ணெயைப் பயன்படுத்தினார், பிரபுக்கள் வட்டத்தில் அது பரவியது, ஊர்ப்பெயர் எண்ணெய்க்கு ஒட்டிக்கொண்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னாளில் வேதியியலாரும் இந்தப் பெயரிலிருந்தே நெரால், நெரோலிடால் என்று சில மணப்பொருள்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

அதே காலத்தில் பிரான்ஸில் மன்னர் பதினான்காம் லூயிக்கு ஆரஞ்சுப் பூ என்றால் உயிர். வயதான பிறகு மற்ற வாசனைகள் எல்லாம் ஒத்துக்கொள்ளாமல் போய், இது ஒன்றையே தாங்கினார் என்கிறார்கள். அவருடைய வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டடக் கலைஞர் அர்துவான்-மான்சார் கட்டிய ஆரஞ்சு மண்டபம் இன்றும் இருக்கிறது. பனியில் ஆரஞ்சு மரம் பட்டுப்போகும். ஆகவே தடித்த சுவர்களும் தெற்கு பார்த்த பெரிய ஜன்னல்களுமாக 150 மீட்டருக்கு மேல் நீளும் கட்டடம். குளிர்காலம் முழுக்க மரங்கள் உள்ளே. மே நடுவில் வெளியே வந்து, கோடு போட்டாற்போல அமைந்த புல்வெளிகளைச் சுற்றி வரிசையில் நிற்கும். மரங்கள் இருப்பது சதுர மரப்பெட்டிகளில். பெட்டியின் பக்கப்பலகையைக் கழற்றி, மரத்தை அசைக்காமலே வேரைக் கத்தரித்து மண் மாற்றலாம். இந்தத் தோட்டத்தை மனதில் வைத்து ஒரு சென்ட் செய்பவர் நெரோலியைத் தொடாமல் இருப்பது கடினம். பூவும் காயும் ஒரே நேரத்தில் ஒரே கிளையில் இருக்கும் மரம் ஆயிற்றே!

இனி தமிழுக்கு வருவோம். நெரோலியைத் தமிழில் எப்படிச் சொல்வது? இங்கேதான் வேடிக்கை. ஆரஞ்சு என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. அதற்கு முன் அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கலாம் என்று மொழியியலார் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தையும் மலையாளத்து நாரங்ஙாவும் அந்தக் குடும்பம். ஸ்பானிய மொழியின் நாரான்ஹாவில் முதல் 'நா' அப்படியே இருக்கிறது. இத்தாலியமும் பிரெஞ்சும்தான் முதலில் இருந்த 'ந்' ஒலியைத் தொலைத்தன. பிரான்ஸில் ஒராஞ்ஜ் என்ற நகரம் இருக்கிறது. அதன் பெயர் அரௌசியோ என்ற வேறொரு பழம்பெயரின் திரிபு. பழத்துக்கும் அந்த ஊர்ப்பெயரின் பிறப்புக்கும் தொடர்பில்லை.

ஆக, நெரோலிக்கு நாரத்தைப்பூத் தைலம் என்பதுதான் என் தேர்வு. கிச்சிலிப்பூ என்றோ, இலங்கை வழக்கில் தோடம்பூ என்றோ சொன்னால் இனிப்பு ஆரஞ்சு மனதில் வந்துவிடும். 'நாரத்தை'யிலும் ஒரு சிக்கல் உண்டு: ஊறுகாய்க்காக நார்த்தங்காய் என்று விற்பது எல்லா ஊரிலும் ஒரே இனம் அல்ல. அதனால் துல்லியம் தேவைப்படும் இடத்தில் கசப்பு நாரத்தை என்று சேர்த்து எழுதலாம். விலைச்சீட்டில் நெரோலி என்றே இருக்கட்டும், வணிகத்தில் அந்தப் பெயர் ஊறிவிட்டது.

ஒன்று மட்டும் குழப்ப வேண்டாம். அதே பூவைக் கரைப்பானில் ஊறவைத்து எடுப்பது நெரோலி அல்ல. அதை ஆரஞ்சுப்பூச் சாரம் என்கிறார்கள், மணமும் கனமாக இருக்கும். இலையையும் சிறு கிளையையும் வடித்தால் வருவது பெட்டிக்ரேன். 'சிறுமணி' என்று பொருள். ஒரு காலத்தில் பிஞ்சுக் காய்களை வடித்ததால் வந்த பெயர். இதற்கு நாரத்தை இலைத்தைலம் என்றாலே போதும்.