இரவில் மட்டும் சத்தி எடுக்கும் பிள்ளை

பகல் முழுக்க முற்றத்தில் ஓடி விளையாடிய பிள்ளை, இரவு 12 மணிக்கு எழும்பிச் சத்தி எடுக்கிறது. காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. காலையில் ஒன்றுமே நடக்காததுபோலப் புட்டுச் சாப்பிடுகிறது. சில கிழமை கழித்துத் திரும்பவும் அதே கதை. கிளினிக்கில் தாய் இதைச் சொல்லி முடிக்க முன்னமே, கூட வந்த அம்மம்மா காரணத்தையும் சொல்லிவிடுவார்: செமியாக்குணம், இல்லாவிட்டால் நாவூறு.

நாவூறு கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதோடு தேடல் நின்றுவிடுவதுதான் என் கவலை. சத்தியைத் தூண்டும் இடம் மூளையில் இருக்கிறது. வயிற்றில், சுவாசக் குழாயில், காதில், சிறுநீர்ப் பாதையில், ஏன் மூளைக்குள்ளேயே குழப்பம் என்றாலும் அது சத்தியாக வெளியே தெரியலாம். அதனால் இரவு என்ன சாப்பிட்டவர் என்று கேட்க முன்னம், "சத்திக்குக் கொஞ்ச நேரம் முன்னம் பிள்ளை எப்படி இருந்தவர்?" என்று கேட்பேன்.

பல தடவை பதில் இருமலில் போய் முடியும். படுத்தவுடன் மூக்குச் சளி தொண்டைக்குள் இறங்கும், இருமி இருமிக் கடைசியில் சத்தி வரும். சத்தியைக் கண்டு பயந்த வீட்டார் இருமலைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஓடினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கிறது, குடும்பத்தில் யாருக்கோ தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது என்றால் கட்டாயம் சொல்லுங்கள். தொய்வைக் கட்டுப்படுத்தினால் இந்தச் சத்தியும் நின்றுவிடும்.

அடுத்தது பால். இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிள்ளைக்கு, நித்திரை வரட்டும் என்று ஒரு சூப்பிப் போத்தல் மாப்பாலும் கொடுத்துப் படுக்க விடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். நிரம்பிய வயிறு படுத்தவுடன் மேலே தள்ளும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கைப் போத்தலை நிறுத்திவிட்டு, நேரத்தோடு சாப்பாடு கொடுத்துப் பாருங்கள். பல்லுக்கும் அது நல்லது.

புதிதாகச் சாப்பாடு பழகும் குழந்தை என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பசுப்பால், முட்டை, மீன், சிலருக்கு அரிசிகூட, சாப்பிட்டு 1 முதல் 4 மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்பச் சத்தியைக் கொண்டுவரும் ஒருவகை ஒவ்வாமை இருக்கிறது. தோலில் தடிப்போ கடியோ இருக்காது. குழந்தை வெளிறித் துவண்டுபோகும். மாலையில் ஊட்டியது நடுச்சாமத்தில் சத்தியாக வருவதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. என்ன, எத்தனை மணிக்கு ஊட்டினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி, அதிகம் பேர் அறியாத ஒன்று. சில பிள்ளைகளுக்கு இரவுச் சத்தியே வலிப்பாக இருக்கலாம். வலிப்பு என்றால் கை கால் வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும் என்றுதான் நினைக்கிறோம். இது அப்படித் தொடங்காது. பெரும்பாலும் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளில், நித்திரையில் வரும். பிள்ளை எழும்பி வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லும், முகம் வெளிறும், சத்தி எடுக்கும். அதன் பிறகு கண்கள் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும், கூப்பிட்டால் பதில் வராது, உடம்பு துவளும். சிலருக்குக் கடைசியில்தான் கை கால் இழுக்கும். அரை மணி நேரத்துக்கு மேலும் இது நீடிக்கலாம். பிறகு நன்றாக நித்திரை கொண்டு, காலையில் பழையபடி எழும்பும். இதை விரிவாக விவரித்த கிரேக்க மருத்துவர் பனையோடொபௌலோஸின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. கேட்கப் பயமாக இருந்தாலும் நல்ல செய்தி உண்டு: பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சில தடவைகளோடு, ஓரிரு வருடங்களில் தானாகவே நின்றுவிடும். பலருக்குத் தொடர் மருந்தே தேவைப்படாது. ஆனால் மூளை மின்பதிவு எடுத்து, இதுதானா என்று உறுதிப்படுத்த வேண்டும்.

ஆகவே அடுத்த முறை வாளியைப் பிடிக்கும்போது பிள்ளையின் கண்களையும் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்னொருவர் ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். நினைவு மங்கினால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம், கையில் இரும்பு கொடுத்துப் பயனில்லை. 5 நிமிடத்துக்குள் தெளியாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் தொடங்கி, மணிக்குப் பல தடவை சத்தி எடுத்துவிட்டு, இடையில் கிழமைக்கணக்கில் சுகமாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. இது ஒற்றைத் தலைவலிக்கு உறவான ஒரு வருத்தம். நல்லூர்த் திருவிழா நாட்களின் நித்திரை முழிப்பும் குதூகலமும்கூட இதைத் தூண்டலாம்.

விடியப்புறம் தலையிடியோடு சத்தி வருவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் கூடும், எழும்பி நடமாடக் குறையும். புதிதாக வாக்குக்கண், நடையில் தள்ளாட்டம், தலையைச் சரித்துப் பிடிப்பது என்று ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே வாருங்கள். நிறையத் தண்ணீர் குடித்து, மெலிந்து, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பத் தொடங்கியிருந்தால் அது சீனி வருத்தமாக இருக்கலாம். அதற்கும் அன்றைக்கே வர வேண்டும்.

பச்சை நிறச் சத்தி குடல் முறுக்குண்டதன் அடையாளமாக இருக்கலாம், விடியும்வரை காத்திருக்காதீர்கள். சத்தியில் அல்லது மலத்தில் இரத்தம், விட்டு விட்டு வீரிட்டு அழுகை, தலையில் அடிபட்ட பிறகு வரும் சத்தி ஆகியவையும் அப்படித்தான். மாரி காலத்தில் டெங்குக் காய்ச்சல் விடும் நேரத்தில் தொடரும் சத்தியும் ஆபத்தானது. வேலியோரத்து மஞ்சள் அலரிக் கொட்டையைப் பிள்ளை வாயில் வைத்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். அந்த நஞ்சு இதயத் துடிப்பைக் குழப்பும்.

பாமசியில் சத்தி மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் சிலது பிள்ளையின் கழுத்தையும் கண்ணையும் கோண வைக்கும், அப்புறம் வலிப்பா மருந்தா என்று பிரித்தறிவது எங்களுக்கும் கடினம். பிள்ளை தெளிவாக இருந்தால், சத்தி எடுத்துப் பத்து நிமிடம் பொறுத்து, ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீர், அளவு மாற வேண்டாம்.