உரத்தொட்டி வாங்குவதற்கு முன்

வீட்டிலேயே உரம் தயாரிக்க விரும்புவோர் திடக்கழிவு மேலாண்மைத் துறையில் பணிபுரியும் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் தொட்டி வாங்கலாம் என்பதைத்தான். ஒரு வாரம் வீணாகும் உணவை எடைபோட்டு, தோல், கொட்டை போன்றவற்றைத் தனியாகவும் மீந்ததையும் கெட்டுப்போனதையும் தனியாகவும் எழுதி வைத்துவிட்டு வாருங்கள் என்பதே என் பதில். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகெங்கும் வீணான 105 கோடி டன் உணவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. அந்தக் கணக்கில் தோலும் எலும்பும்கூட அடங்கும் என்பதால் முழுவதையும் தவிர்க்க இயலாது. ஆனால் இரண்டாவது பட்டியலில் இருப்பவை தொட்டிக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை. உண்ணத்தக்க உணவை உரமாக்குவதை நான் சாதனையாகக் கருதுவதில்லை.

அந்தப் பட்டியலைக் குறைப்பது பெரும்பாலும் சேமிக்கும் முறையைப் பொறுத்தது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரி செல்சியசுக்கு மிகாத குளிரில் வைத்துவிட வேண்டும். ஆப்பிள், வாழை போன்ற பழங்கள் பழுக்கும்போது வெளியிடும் எத்திலீன் வாயு கீரைகளை விரைவில் மஞ்சளாக்கிவிடும் என்பதால், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது.

இனி தொட்டிக்கு வருவோம். துர்நாற்றம் தாங்காமல் கைவிடப்பட்ட தொட்டியைத் திறந்தால், பெரும்பாலும் அடியில் கறுத்த குழம்பு தேங்கியிருக்கும். காய்ந்த இலை ஒன்றுகூட இருக்காது. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி நீர்தான், தழைச்சத்தும் அதிகம். எனவே ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு சருகோ கிழித்த அட்டையோ சேர்த்தால்தான் நுண்ணுயிரிகளுக்குத் தேவையான கரிமமும் காற்றும் கிடைக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை என்று அறியலாம். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளற வேண்டும், உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும்.

இறைச்சி, மீன், எண்ணெய் மிகுந்த உணவு ஆகியவற்றைச் சிறு தொட்டியில் இடாதீர்கள்; எலியும் ஈயும் வரும். போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாமல் மட்கி, சூடு தணிந்து, மண்வாசனை வந்த பிறகும் சில வாரங்கள் ஆறவிட்டே செடிகளுக்கு இட வேண்டும்; முழுமையாக மட்காத உரம் இளஞ்செடிகளின் வேரைப் பாதிக்கும்.